பிழைத்தவர் கதை

நம் கதாசிரியர்களுக்குப் புற்றுநோய் மிகவும் உபகாரமான வியாதி. கதாநாயகன் காதலைத் தியாகம் செய்ய வேண்டுமா, கடைசியில் ரசிகர்கள் கண்ணீர் விட வேண்டுமா, இந்த ஒரு வியாதி போதும். 1982-ல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் பாடகன் ரத்தப் புற்றுநோயை மறைத்துக் காதலியை விலக்குகிறான், இறந்தும் போகிறான். பிறரைச் சொல்வானேன்? நானே என் கதைகளில் இரண்டு பேரை இப்படிக் கொன்றிருக்கிறேன்.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) இந்த வழியில் போகவில்லை. அதில் நோயாளி பிழைத்துவிடுகிறான். பிழைக்கவைத்த டாக்டர்தான் இறக்கிறார். ஓர் ஆஸ்பத்திரிக்குள் மூன்று மனங்களை வைத்து இவ்வளவு செய்ய முடியுமா என்று இன்றும் வியக்கவைக்கும் படம். பாலக்கோட்டில் சித்தி வீட்டில் அதை டெலிவிஷனில் பார்த்தோம். சித்திக்கு மார்பில் புற்று வந்து, அறுவை சிகிச்சை நடந்து ஆறு வருஷம் ஆகிறது. படம் முடிந்ததும், "பொழச்சிக்கிட்டான், சரி. அப்புறம் என்னடா பண்ணினான்?" என்று கேட்டார்.

என் விமரிசன புத்திக்கு அதுவரை தோன்றாத கேள்வி அது.

அப்புறம் என்ன என்பது சித்திக்குத் தெரியும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தபின் சிலருக்குக் கை வீங்கும். அந்தக் கையால் அவரால் குடம் தூக்க முடியவில்லை. அதே ஊரில், வாயில் புற்று வந்து கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற ஒருவருக்கு உமிழ்நீர் வற்றிவிட்டது. பிறந்தது முதல் சாப்பிட்ட கேழ்வரகுக் களி தொண்டையில் இறங்குவதில்லை. பரிசோதனைக்குச் சென்னை போக ஏறக்குறைய 300 கிலோமீட்டர். முடிவு தெரிகிற வரையில் தூக்கமில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அம்மாவின் வியாதியைச் சொல்வதா, மறைப்பதா என்ற யோசனை வேறு. இதில் யாரும் சாவதில்லை. அதனால் நமக்கு இது கதையாகத் தோன்றுவதில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியது 1954-ல். அதே வருஷம் தாஷ்கண்டில் சிகிச்சை பெற்றவர் சோல்ஷெனித்ஸின். அந்த அனுபவத்தில் பிறந்த 'கான்ஸர் வார்டு' (1968) நாவலின் நாயகன் பிழைத்து வெளியே வருகிறான். நாவல் அங்கே முடியவில்லை. பூத்திருக்கும் ஒரு மரத்தைப் பார்க்கிறான். மிருகக்காட்சி சாலைக்குப் போகிறான். மருந்து ஊசிகள் தன் ஆண்மையைக் குலைத்திருக்கும் என்ற எண்ணத்தோடு, நேசித்த பெண்ணிடம் திரும்பாமலே ரயிலேறுகிறான். உயிருக்கு என்ன விலை கொடுத்தோம் என்று கேட்கிற துணிவு அந்த ஆசிரியருக்கு இருந்தது.

இதெல்லாம் சர்க்கார் கவனிக்க வேண்டிய விஷயம், இலக்கியத்துக்கு என்ன வேலை என்று சிலர் சொல்லக்கூடும். 2004 வரை தருமபுரியோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஆரம்பமாயிற்று. வலி நிவாரணமும் இயன்முறைப் பயிற்சியும் வீடு தேடி வரவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நல்ல காரியம். ஆனால் சித்தி கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. அது கதாசிரியன் சொல்ல வேண்டிய பதில்.

அடுத்த கதையில் நான் யாரையும் கொல்லப் போவதில்லை. குடம் தூக்க முடியாத ஒருத்தி காலையில் எழுந்து எப்படித் தண்ணீர் கொண்டுவருகிறாள் என்று எழுதிப் பார்க்க எண்ணம். கொல்வதைவிட அது கஷ்டம் என்று இப்போதே தெரிகிறது.