தடைக்காலத்து சார்ஜர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஜி.பி.எஸ்., வயர்லெஸ், விளக்கு எல்லாம் பேட்டரியை நம்பித்தான். என்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் அதற்கு ஊட்டும். ஓடாவிட்டால் சும்மா இருந்தே பேட்டரி இறங்கும். படகிலேயே பொருத்தி, கரை மின்சாரத்தில் ஓடும் சார்ஜரின் அருமை அப்போது தெரியும்.

எனக்குப் பிடித்தது அதன் நிதானம். 12 வோல்ட் பேட்டரி என்றால் முதலில் முழு வேகத்தில் ஏற்றும். 14.4 வோல்ட்டைத் தொட்டதும் அங்கேயே நின்று, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். நிரம்பியபின் 13.5 அளவுக்கு இறங்கிக் காவல் இருக்கும். பழைய மாடலோ விடாமல் கொதிக்கவைத்து டிஸ்டில்டு வாட்டரைத் தீர்த்துவிடும்.

100 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 10 ஆம்பியர் சார்ஜர் போதும். அதற்கு மேல் பெரும்பாலும் ஜம்பம்தான். பொருத்துவதில்தான் மெக்கானிக்கின் கை தெரியும். பேட்டரிக்கு நேர் மேலே மாட்டினால் ஆசிட் ஆவி அரிக்கும். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் ஹைட்ரஜன் சேரும். பிளஸ் ஒயரில், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், இறுக நசுக்கிய லக், மேலே கிரீஸ். வெறும் செம்பை விட்டால் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும்.