கைஷூர்: ஒரு கல்லும் அதன் சொல்லும்

இன்றைய அறபில் நுரைக்கல்லுக்கு வழங்கும் பெயர் 'கஃப்பாஃப்'. இலேசு எனப் பொருள்படும் வேரினின்று பிறந்தது. இடைக்கால மருந்து நூல்களிலோ அக்கல் 'கைஷூர்' எனப்பட்டது. இன்று வழக்கொழிந்துவிட்ட அச்சொல்லுக்குக் கிரேக்கத்தின் 'கிஸேரிஸ்' மூலமென மொழிநூலார் காட்டுவர். அது சரியே. ஆயின் வேர் கண்டதும் ஆய்வு முற்றுப்பெற்றதெனக் கொள்வது ஏற்கற்பாலதன்று.

அறபு நிலத்துக்கு எரிமலை அந்நியமானதன்று. 1256இல் மதீனாவுக்கு அண்மையிலேயே எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது. குழம்புறைந்த கரும்பரப்பை 'ஹர்ரா' எனச் சொந்தச் சொல்லாலேயே குறித்தனர். அவ்வாறிருக்க, நுரைக்கல்லுக்கு மட்டும் கடல்கடந்த பெயர் ஏன்? ஹர்ரா, மேய்ப்பனும் வணிகக் கூட்டமும் கால்நோகக் கடந்த நிலம். கைஷூரோ தோலேட்டை மெருகிடவும் பல்துலக்கவும் பயன்பட்ட நகரத்துப் பண்டம். 9ஆம் நூற்றாண்டுப் பக்தாதில் இஸ்திபான் மொழிபெயர்த்து, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் திருத்திய தியோஸ்கோரிதீசின் மருந்து நூல் போன்றவை வழியாகவே இத்தகைய பெயர்கள் பரவின.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. 'கஷர' என்னும் அறபு வினைக்கு உரித்தல் என்பது பொருள். தோலைச் சுரண்டும் கல்லின் பெயர் அவ்வினையை ஒத்து ஒலித்தபோது, இரவற்சொல் வீட்டுச்சொல்லாகவே தோன்றியிருத்தல் கூடும். அத்தோற்றத்தை அளித்தது அகராதியன்று, தொழில்.

காகிதம் தோலேட்டை வென்றதால் சொல்லும் மறைந்தது எனச் சுருக்கமாகத் தீர்ப்புக்கூற நம்மவருட் சிலர் விழையலாம். இது பொருள்முதல்வாதமன்று, அதன் நிழல். ஏட்டை விட்டகன்ற கல், குளிப்பறைகளிற் குதிகால்களைத் தேய்த்துக்கொண்டுதானிருந்தது. பொருள் நிலைத்திருக்கப் பெயர் மட்டுமே மாறிற்று.