சரக்கு எங்கே போச்சு?

இருட்டுக்கடையில் சாயங்காலம் அல்வா வாங்க நின்றவர்களுக்குத் தெரியும். கடை திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கும். கிண்டின அல்வா கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். மீதமும் கிடையாது, குடோனும் கிடையாது. எம்.பி.ஏ. படித்த நண்பன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, "ஜீரோ இன்வென்டரிடா, டொயோட்டாக்காரனே இங்க வந்து கத்துக்கணும்" என்றான். அன்றைக்கு நானும் தலையாட்டினேன். இப்போது ஆட்ட மாட்டேன். கடை சரக்கைத் தேக்கவில்லை, சரி. அதற்குப் பதிலாக நாம் தேங்கி நிற்கிறோம். அல்வாவுக்காக அரை மணி நேரம் நிற்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. நெல்லோடு நிற்பவன் நிலைமை வேறு.

முதலில் என் சொந்தக் கதை. சில்லறை வணிக சாஃப்ட்வேர் எழுதுவதுதான் என் சோலி. ஒரு பெரிய நிறுவனத்துக்கு நாங்கள் செய்து கொடுத்த திரையில் 'இருப்பு நாட்கள்' என்று ஒரு எண் இருந்தது. அதை 21-லிருந்து 9-க்குக் கொண்டுவந்தோம். கேக் வெட்டினோம். பிறகு ஒருநாள், அவர்களுக்கு மளிகைச் சரக்கு கொடுக்கும் ஒரு சின்ன வியாபாரியின் குடோனுக்குப் போக வேண்டி வந்தது. கூரை முட்ட அட்டைப்பெட்டி. கூப்பிட்ட அன்றே லாரி வர வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் கடனுக்கு வாங்கி அடுக்கி வைத்திருந்தார். நாங்கள் குறைத்த 12 நாள் சரக்கும் அங்கே இருந்தது. அது எங்கள் திரையில் தெரியாது, அவ்வளவுதான்.

சப்ளை செயின் பற்றிய புத்தகங்களும் கருத்தரங்குகளும் கொண்டாடும் வெற்றிக் கதைகளில் எனக்கு உள்ள குறை இதுதான். கடையின் வாசலோடு கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். கான்பன் முறைக்கு அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகளே முன்மாதிரி என்று டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ எழுதியிருக்கிறார்: அலமாரியில் எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவே நிரப்பு. ஆனால் டொயோட்டா இன்னொன்றும் செய்தது. உற்பத்தியை நாளுக்கு நாள் ஏற்ற இறக்கமில்லாமல் சமன்படுத்தியது. அந்தப் பாதியை மறந்துவிட்டு, சரக்கைக் குறைப்பதை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நெல்லைச் சமன்படுத்த முடியுமா? பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால் கன்னடியன், கோடகன், பாளையங்கால் என்று வாய்க்கால் வாய்க்காலாக நடவு தொடங்கும். அடுத்தடுத்து நட்டது அடுத்தடுத்துத்தான் விளையும். பிசான அறுப்பு மாசி, பங்குனியை ஒட்டிக் குவியும். முன்பெல்லாம் ஆள் வைத்து அறுத்து, களத்தில் காயப்போட்டு, குலுக்கையில் கொட்டி வைத்து, தேவைப்படும்போது விற்றார்கள். சரக்கைத் தேக்கும் திறன் வீட்டிலேயே இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் ஒரு ஏக்கரை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறது. நெல் ஈரத்தோடு வருகிறது. களமும் இல்லை, குலுக்கையும் இல்லை.

மறுபக்கம், ரேஷன் கடையில் அரிசி மாதாமாதம் ஒரே அளவில் போகிறது. வரத்து ஒரே குவியல், செலவு ஒரே சீர். நடுவில் யாராவது ஒருவர் சரக்கைச் சுமந்தே ஆக வேண்டும். இதை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது.

யார் சுமப்பது? 1972-ல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்தான் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களை நடத்துகிறது. 2025-26 பருவத்துக்குப் பொதுரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய்: மத்திய ஆதரவு விலை 2,369, மாநில ஊக்கத்தொகை 131. விலையில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மழை பெய்தால் 22 வரை தளர்த்தும்படி மாநிலம் மத்திய அரசைக் கேட்கும். அதற்குள் நெல் நனைந்திருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் என் ஊகம். ஒரு நிலையத்தைச் சுற்றி 500 ஏக்கர். ஏக்கருக்கு 60 மூடை. மொத்தம் 30,000 மூடை. பத்து நாளில் அறுப்பு முடிகிறது. நிலையம் நாளுக்கு 800 மூடை எடுக்கிறது. பத்தாம் நாள் 8,000 மூடை உள்ளே, 22,000 வெளியே. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த வரிசைச் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: காத்திருக்கும் சரக்கை ஒருநாள் எடுப்பால் வகுத்தால் காத்திருக்கும் காலம். கடைசி ஆளுக்கு இன்னும் 27 நாளுக்கு மேல். ஆன்லைன் பதிவு இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும், குறைக்காது.

இந்த இடத்தில்தான் தனியார் நெல் வியாபாரி வருகிறார். சில நூறு ரூபாய் குறைத்துக் கேட்பார். ஆனால் ஈரநெல்லை வயலிலேயே எடுத்துக்கொண்டு அன்றே லாரி ஏற்றுவார். அவரை இடைத்தரகர் என்று திட்டுவது சுலபம். அந்தச் சில நூறு ரூபாயில் காயவைக்கும் செலவும் வைக்கும் இடமும் மழைப் பயமும் அடங்கியிருக்கின்றன. அந்த வேலைகளை நாம் செய்யாதவரை அவர் போக மாட்டார்.

இதற்கு மாற்று நம் நாட்டிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் கெய்ராவில் பால் பொங்கும். பம்பாய் அவ்வளவையும் வாங்காது. 'வேண்டாம்' என்று உறுப்பினர்களிடம் சொல்வதற்குப் பதிலாக, 1955-ல் ஆனந்தில் பால்பவுடர் ஆலை தொடங்கினார்கள். உபரியைச் சங்கிலியே சுமந்தது. தண்ணிப் பாலைத் திருப்பி அனுப்பாமல் கொழுப்பையும் இதர சத்தையும் அளந்து விலை போடும் முறையும் பால் சங்கங்களில் உண்டு.

நெல்லுக்கும் அதைச் செய்யலாம். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 78 கிலோ. 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் அது 78 ÷ 0.83, சுமார் 94 கிலோ. 6 கிலோ தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம். வந்த அன்றே எடை போட்டு, 94 கிலோவுக்குப் பணம் கொடுத்து, நிலையத்திலேயே உலர்த்தட்டும். உலர்த்தும் செலவைக் கழித்துக்கொள்ளட்டும். அது தெரிந்த செலவு, முன்கூட்டியே சொல்லிவிடலாம். மழை அப்படி அல்ல. வரம்பை மட்டும் 22 ஆக்கிவிட்டு உலர்த்தி வைக்காவிட்டால், பாரம் வயலிலிருந்து அரவை ஆலைக்கு மாறும். அது தீர்வாகாது. 2002 முதல் கழகம் மத்தியத் தொகுப்புக்காக வாங்குவதால் விதியைத் தானாக மாற்ற முடியாது என்பார்கள். மத்தியக் கணக்கில் சேர்க்கும்போது 17 இருந்தால் போதுமே. உலர்த்திகளுக்கு முதல் போட வேண்டும் என்பது உண்மை. இப்போது அந்த முதலை, தார்ப்பாய் விரித்து, விவசாயி போட்டுக்கொண்டிருக்கிறான்.

போன பிசானத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். ரோட்டோரம் அம்பை 16 குவியல், பக்கத்தில் கயிற்றுக் கட்டில்.

"எத்தன நாளா கெடக்கு சித்தப்பா?"

"இன்னையோட ஒம்பது நாளு. நீ என்னமோ சரக்கு கணக்குதான எழுதுத? இந்தக் குமியலு ஒங்க கம்ப்யூட்டர்ல தெரியுமாடே?"

தெரியாது என்றேன். வாங்கிய பிறகுதான் அது சரக்காகும். அதுவரை அது அவருடைய தூக்கக்கேடு. கழகம் நாள்தோறும் ஓர் எண் வெளியிடலாம்: அறுத்து இன்னும் எடை போடாத மூடை எத்தனை. அந்த எண் திரைக்கு வந்த பிறகு, நாங்கள் கேக் வெட்டலாமா என்று யோசிப்போம்.