அழுக்குச் சோறும் சுத்தமான பெயரும்

1

அமெரிக்காவின் தெற்குக் கரையில் இருக்கும் லூசியானாவில் ஒரு சோறு உண்டு. 'டர்ட்டி ரைஸ்' என்று பெயர். நேராகத் தமிழில் சொன்னால் அழுக்குச் சோறு. கோழி ஈரலையும் இரைப்பையையும் பொடியாக நறுக்கி, வெங்காயம், செலரி, குடைமிளகாயோடு சட்டியில் சிவக்க வறுத்து, அதில் சோற்றைப் புரட்டினால் வெள்ளைச் சோறு பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்புக்குத்தான் அழுக்கு என்று பெயர் வைத்தார்கள்.

இதே சோறு இப்போது பல அமெரிக்க வீடுகளில் வேறு மாதிரி ஆகிறது. ஈரல் காணோம், இரைப்பை காணோம். அந்த இடத்தில் மாட்டுக் கொத்துக்கறி. பெயரும் பல இடங்களில் மாறிவிட்டது: 'கேஜன் ரைஸ்'. 1972ல் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் தொடங்கிய பாப்பைஸ் என்ற வறுத்த கோழிக் கடைச் சங்கிலி, இந்தச் சோற்றை இந்தப் பெயரில்தான் பல காலம் விற்றது.

மாட்டிறைச்சித் துண்டையும் உருளைக்கிழங்கு வறுவலையும் வைத்து 1957லேயே ரொலான் பார்த் பிரெஞ்சு தேசியத்தை வாசித்துக் காட்டினார். ஒரு சமையல் குறிப்பையும் அப்படிப் பனுவலாக வாசிக்கலாம். சட்டியிலிருந்து ஈரல் வெளியேறுகிறது. பெயரிலிருந்து அழுக்கு வெளியேறுகிறது. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கமா? அந்த வேலையில் கூடவே வெளியேற்றப்பட்ட மனிதர்கள் யார்?

ஒரு எச்சரிக்கை. அழுக்கு, சுத்தம் என்றதும் நமக்கு உடனே நம்ம ஊர் ஞாபகம் வரும். வரட்டும். ஆனால் லூசியானாவின் நிறப் படிநிலையைச் சாதிப் படிநிலையாக மொழிபெயர்த்துவிட்டு 'அங்கேயும் இதே கதைதான்' என்று எழுந்து போய்விட்டால், அங்கே நடந்த எதையும் நாம் வாசித்ததாக ஆகாது. எனவே அங்கேயே இருந்து பேசலாம்.

2

அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அரிசி, காய்ந்த காய்கறித் துணுக்கு, மசாலா. டப்பா சொன்ன வேலை ரொம்ப எளிது. அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொத்துக்கறி எடுத்து வதக்கு, தண்ணீர் ஊற்று, டப்பாவைக் கொட்டு, மூடி வை. அரைமணி நேரத்தில் சோறு வந்தது. சாப்பிடலாம், குறை சொல்ல முடியாது. வயிறு நிறைந்தது. ஆனால் உப்பும் காரமும் தவிர நாக்கில் ஒன்றும் நிற்கவில்லை.

டப்பா சொல்லாமல் விட்டது எது என்று யோசித்தால், முதலில் தெரிவது நேரம். இந்தச் சோற்றின் ருசி அடிப்பிடித்தலில் இருக்கிறது. கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் கறியைப் போட்டுச் சும்மா கிளறிக்கொண்டே இருக்கக் கூடாது. அடியில் ஒட்டவிட வேண்டும். பழுப்புப் பக்கு கட்டியதும் கொஞ்சம் சாறு ஊற்றிச் சுரண்ட வேண்டும். மறுபடி ஒட்டவிட வேண்டும், மறுபடி சுரண்ட வேண்டும். நிறமும் மணமும் அந்தச் சுரண்டலில்தான் வருகிறது. தமிழில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் இன்னொரு பொருளை நான் வலிந்து இழுக்கவில்லை. அடுத்து வரும் வரலாறு அதைத் தானாகவே இழுத்துக்கொண்டு வருகிறது.

3

அரிசியிலிருந்து தொடங்கலாம். லூசியானா அப்போது பிரெஞ்சுக் காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து நேராக அடிமைகளை ஏற்றி வந்த முதல் கப்பல்கள் 1719ல் அங்கே வந்து சேர்ந்தன. அந்தக் கப்பல் தலைவர்களுக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவு ஆவணமாக இருக்கிறது: மூன்று நான்கு பீப்பாய் விதைநெல் வாங்கி வா, நெல் பயிரிடத் தெரிந்த ஆட்களையும் கொண்டு வா. வரலாற்றாசிரியர் க்வெண்டலின் மிட்லோ ஹால் 1992ல் வெளியிட்ட, காலனிய லூசியானாவில் ஆப்பிரிக்கர்கள் பற்றிய நூலில் இதை முன்னால் எடுத்து வைத்தார்.

உத்தரவைக் கவனியுங்கள். உடம்பு மட்டும் கேட்கவில்லை, அறிவும் சேர்த்துக் கேட்கிறார்கள். 'அடிமைகள் உழைப்பு கொடுத்தார்கள், ஐரோப்பியர்கள் அறிவு கொடுத்தார்கள்' என்ற பெருங்கதை அந்த ஒரு வரி உத்தரவிலேயே உடைந்துபோகிறது.

ஜூடித் கார்னி 2001ல் 'பிளாக் ரைஸ்' நூலில் இந்த வாதத்தை அமெரிக்க நெல் விவசாயத்தின் அளவுக்கு விரித்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் சதுப்பு நில விவசாய முறை கடல் தாண்டி வந்தது என்றார். 2007ல் டேவிட் எல்டிஸ், பிலிப் மார்கன், டேவிட் ரிச்சர்ட்சன் மூவரும் அடிமைக் கப்பல் கணக்குகளை வைத்து, இது மிகைப்படுத்தல் என்று எதிர்த்து எழுதினார்கள். சண்டை பெரும்பாலும் தென் கரோலினாவைப் பற்றியது. நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒடுக்கப்பட்டவர்களுக்கு எல்லாப் பெருமையையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடுவதும் ஒரு வகைச் சோம்பல்தான். ஆவணம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு போதும். லூசியானா விஷயத்தில் அந்த 1719ஆம் வருஷத்துப் பீப்பாய்களே நிறையச் சொல்கின்றன.

4

இனி 'கேஜன்'. இந்தச் சொல்லுக்கும் ஒரு காயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியில் குடியேறி வாழ்ந்த பிரெஞ்சு விவசாயிகள் அகேடியர்கள். 1755ல் தொடங்கி ஆங்கிலேயர்கள் அவர்களைக் கூட்டம் கூட்டமாக நாடு கடத்தினார்கள். 10,000க்கும் மேற்பட்டவர்கள் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதி 1760களில் லூசியானா வந்து சேர்ந்தது. 1785ல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் இன்னும் சுமார் 1,600 பேர். அகேடியன் என்ற சொல் தேய்ந்து கேஜன் ஆனது. கோதுமை விளைவித்த இவர்கள் இங்கே வந்து நெல்லைப் பழகினார்கள். பள்ளத்தில் விதைத்துவிட்டு மழைக்கு விட்டுவிடுவார்கள். 'பிராவிடன்ஸ் ரைஸ்' என்றே அதற்குப் பெயர். நம்ம பாஷையில் வானம் பார்த்த நெல்.

அகேடியர்களில் நிலம் சேர்ந்த சிலர் பின்னால் அடிமைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் ஏழைகளாகவே இருந்தார்கள். கேஜன் என்பது வெகுகாலம் வசவுச் சொல். 1921 மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது. பள்ளிக்கூட வளாகத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை: 'பேச மாட்டேன்' என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டும். மொழியைப் பற்றிப் பேசுகிற நமக்கு அந்த அவமானம் புரியாமல் போகாது.

அப்புறம் காற்று திசை மாறியது. 1968ல் பிரெஞ்சு மொழி வளர்ச்சிக்கு அரசு மன்றம் வந்தது. 1971ல் 22 மாவட்டங்களைச் சேர்த்து 'அகேடியானா' என்று சட்டமன்றம் பெயர் சூட்டியது. 1980ல் ஒரு வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம், கேஜன் வம்சாவளியையும் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் பாதுகாக்கும் என்றது. 1979ல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்த பால் ப்ருதோம், குத்தகை விவசாயக் குடும்பத்தில் 13 பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. 1984ல் வந்த அவருடைய சமையல் புத்தகம் கேஜன் என்ற சொல்லை நாடெங்கும் பிரபலமாக்கியது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் புத்தகத்தின் அழுக்குச் சோற்றில் இரைப்பையும் ஈரலும் இருந்தன. மனிதர் வெட்கப்படவில்லை. சந்தை வெட்கப்பட்டது.

வசவாக இருந்த சொல் பெருமையானது நல்ல விஷயம். ஆனால் அது பெருமையானபோது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டது என்று பாருங்கள். அதே மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சும் க்ரியோலும் பேசி, அதே நெல்லை விளைவித்து, அதே சட்டியில் சமைத்த கறுப்பின க்ரியோல் மக்கள் இருந்தார்கள். 1985ல் லஃபயெட் நகரத்தில் திறந்த பெரிய அரங்குக்குக்கூட 'கேஜன்டோம்' என்றுதான் பெயர். 'எங்களையும் சேர்த்துக் கேஜன் என்று சொல்லாதே' என்று அவர்கள் எதிர்த்தார்கள். கேஜன் வீடுகளிலேயே இந்தச் சோற்றை 'ரைஸ் டிரெஸ்ஸிங்' என்று சொல்வதுதான் வழக்கம். 'கேஜன் ரைஸ்' என்று யாரும் வீட்டுக்குள் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அது வெளியே விற்பதற்கான பெயர்.

ஒரு சமூகம் தன் அவமானத்தைத் துடைத்தபோது, துடைத்த துணி பக்கத்து வீட்டுக்காரன் பெயரையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அடையாளத்தை மீட்கிற எந்த இயக்கமும் யோசிக்க வேண்டிய இடம் இது.

5

இப்போது கறிக்கு வருவோம். ஈரல் அடிமைகளுக்கு வீசியெறிந்த கழிவு என்று ஒரு கதை சொல்வார்கள். பாதிதான் சரி. பன்றி அறுக்கும் நாளில் கேஜன் கிராமம் முழுக்கக் கூடிக் குடல், ஈரல், தலை எல்லாவற்றையும் பங்கு போட்டுச் சமைத்தது. உள்ளுறுப்பு சீக்கிரம் கெடும். எனவே அறுக்கிறவர்கள் எவரோ அவர்களே அதைச் சாப்பிட்டார்கள். அறுப்பது தொழிற்சாலைக்குப் போனதும் ஈரல் சட்டியை விட்டு நகர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது நல்ல கறி ராணுவத்துக்குப் போனது. வீட்டிலிருப்பவர்களை இதயம், சிறுநீரகம் சாப்பிட வைக்க அமெரிக்க அரசு விரும்பியது. மார்கரெட் மீட் செயலாளராக இருந்த குழுவுக்காகக் குர்ட் லெவின் அயோவாவில் ஒரு சோதனை செய்து 1943ல் வெளியிட்டார். நல்ல சொற்பொழிவு கேட்ட பெண்களில் 3 சதவீதம்தான் சமைத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்து தங்களுக்குள் விவாதித்து முடிவெடுத்த குழுக்களில் 32 சதவீதம். (சொற்பொழிவை நம்பி இயக்கம் நடத்துகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.) ஈரலைத் தடுத்தது நாக்கு மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைப்பாள் என்பதும்தான்.

சரி, ஈரலின் இடத்துக்கு வந்த கொத்துக்கறி சுத்தமா? மேரி டக்ளஸ் 1966ல் சொன்ன வாதம் நமக்குத் தெரியும்: அழுக்கு பொருளில் இல்லை, நாம் போட்டுக்கொண்ட வகைப்பாட்டில் இருக்கிறது. ஈரல் ஒரு கோழியின் ஈரல், கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். தொழிற்சாலைக் கொத்துக்கறியில் ஒரு பொட்டலத்துக்குள் பல மாடுகள் இருக்கும், எது எந்த மாடு என்று யாருக்கும் தெரியாது. 1993ல் சரியாக வேகாத ஹாம்பர்கரில் இருந்த ஈ.கோலை கிருமியால் அமெரிக்காவில் 700க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் செத்துப்போனார்கள். கொத்துக்கறியில் அந்தக் கிருமி இருந்தால் அது கலப்படம் என்று 1994ல்தான் அரசு அறிவித்தது. கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனாலும் 'அழுக்கு' என்ற பெயர் ஈரலோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் பொருளைப் பார்த்து வைக்கப்படுவதில்லை, யார் சட்டியிலிருந்து வந்தது என்பதைப் பார்த்து வைக்கப்படுகிறது.

கொத்துக்கறிமேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. மலிவாகக் கிடைக்கும், சீக்கிரம் வேகும். வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருத்தி ஆறு பேருக்குச் சோறு போட வேண்டும் என்றால் அது பெரிய ஆறுதல். கொத்துக்கறி சட்டிக்குள் வரட்டும். அது வருவதற்காக ஈரல் ஏன் போக வேண்டும், அழுக்கு என்ற பெயர் ஏன் போக வேண்டும், கறுப்புக் கை ஏன் போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

6

இரண்டாவது முறை டப்பா இல்லாமல் சமைத்தேன். கோழி இரைப்பை 200 கிராமை ஒரு மணி நேரம் வேகவைத்துப் பொடியாக நறுக்கினேன். வெந்த தண்ணீரைக் கொட்டவில்லை. மாட்டுக் கொத்துக்கறி அரைக்கிலோவைச் சட்டியில் பரப்பி ஒட்டவிட்டேன். இரண்டு வெங்காயம், ஒரு குடைமிளகாய், இரண்டு செலரித் தண்டு. இந்த மூன்றுக்கும் அங்கே 'புனித மும்மை' என்று பெயர். கத்தோலிக்க மண்ணின் குறும்பு. பூண்டு, மிளகு, கேயென் மிளகாய்த்தூள், கொஞ்சம் தைம். இரைப்பைத் தண்ணீரை ஊற்றிச் சுரண்டினேன், மூன்று தடவை. 150 கிராம் ஈரலை மசித்துக் கடைசியில் சேர்த்தேன், முதலிலேயே போட்டு வறுத்தால் கசக்கும். தனியாக உதிர்த்து வடித்த நீள அரிசிச் சோற்றைப் போட்டுப் புரட்டி, மேலே வெங்காயத்தாள்.

சோறு பழுப்பாக, அங்கங்கே கறுப்பாக இருந்தது. டப்பாச் சோற்றில் இல்லாத ஒரு ஆழம், கொஞ்சம் இரும்பு வாசனை, கொஞ்சம் கசப்பு. சாப்பிட வந்த நண்பர்களில் ஒருத்தர் 'இதுக்கு என்ன பேரு' என்று கேட்டார். அழுக்குச் சோறு என்றேன். சிரித்தார். 'வேற நல்ல பேரு இல்லையா?'

இருக்கிறது. அந்த நல்ல பெயரால் வந்த வினைதான் இவ்வளவும்.