முறுமுறுப்பும் முறையீடும்: சபைக்குள் யார் குழந்தை?

தமிழ்க் கிறிஸ்தவப் பிரசங்க மேடைகளில் எத்தனை முறை எடுத்தாலும் தேயாத தலைப்பு ஒன்று உண்டு: முறுமுறுப்பு. தமிழ் வேதாகமம் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். ஊர்ப்பேச்சில் நாம் சொல்வது முணுமுணுப்பு, புலம்பல், குறை சொல்வது. ஆனால் 'முறுமுறுப்பு' என்றதும் சபைக்குப் போய்வருகிற எவருக்கும் வனாந்தரமும் மன்னாவும் கொள்ளிவாய்ச் சர்ப்பங்களும் கண்முன் வந்து நின்றுவிடும்.

பிரசங்கத்தின் கட்டமைப்பு ஏறக்குறைய மாறுவதேயில்லை. எகிப்திலிருந்து விடுபட்ட ஜனம் தண்ணீருக்கு அழுதது, இறைச்சிக்கு அழுதது, மோசேயைக் குறை சொன்னது. தேவகோபம் பற்றி எரிந்தது. அடுத்து பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம்: நீங்கள் இன்னும் குழந்தைகள், உங்களுக்குப் பால்தான் சரி, பலமான ஆகாரம் செரிக்காது. ஆகவே சபையில் குறை சொல்கிறவர்கள் ஆவிக்குரிய வளர்ச்சி இல்லாதவர்கள். முதிர்ந்த விசுவாசி வாயைத் திறக்க மாட்டான். ஆமென்.

இந்தப் பிரசங்கத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது செய்கிற காரியம் ஒன்றுதான், ஆனால் பெரிய காரியம். ஒருவர் எழுந்து, 'கல்லறையில எங்களுக்கு மட்டும் ஏன் தனி இடம்?' என்று கேட்கிறார். கேள்வி கல்லறையைப் பற்றியது. பிரசங்கம் அதைக் கேட்டவருடைய ஆத்துமாவைப் பற்றிய கேள்வியாக மாற்றிவிடுகிறது. கல்லறை இருந்த இடத்திலேயே இருக்கிறது; கேட்டவர் நோயாளியாகிவிடுகிறார். இனி விசாரிக்கப்பட வேண்டியது அவருடைய ஜெப வாழ்க்கை, அவருடைய தாழ்மை, அவருடைய கசப்பு. மேய்ப்பர் அதிகாரம் என்று ஃபூக்கோ 1970களின் இறுதியிலிருந்து பேசிவந்தது இதைத்தான். அரசனுடைய அதிகாரம் உடம்பின் மேல் விழும். மேய்ப்பனுடைய அதிகாரம் ஒவ்வொரு ஆட்டின் உள்மனதையும் தெரிந்துவைத்துக்கொண்டு, 'உன் நன்மைக்குத்தான்' என்று சொல்லி நடத்தும். அடிப்பதில்லை. அனுதாபப்படுகிறது. அதனால்தான் எதிர்த்துப் பேசுவது கடினமாகிறது.

இப்படிச் சொல்வதால், சபைக்குள் கேட்கிற எல்லாக் குறைகளும் நீதியின் குரல் என்று ஆகிவிடாது. முன்வரிசை நாற்காலி யாருக்கு, பாடகர் குழுவில் மைக் யார் கையில், சேகரக் கமிட்டித் தேர்தலில் எந்தக் குடும்பம், அசன விருந்தில் எந்தப் பெயர் முதலில் — இவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிகிறவர்களை நமக்குத் தெரியும். போதகரை ஓட ஓட விரட்டுகிற சபைகளும் உண்டு. அதைக் குழந்தைத்தனம் என்றால் தப்பில்லை. பிரச்சினை வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் அடிக்கும்போது அந்தச் சொல் யாருக்கு வேலை செய்கிறது என்பதே பிரச்சினை.

2

பிரசங்கம் நம்பியிருக்கிற வசனங்களுக்கே திரும்பிப் போகலாம்.

கொரிந்தியரைப் பவுல் குழந்தைகள் என்றது ஏன்? அவர்கள் தலைவர்களைக் குறை சொன்னதற்காக அல்ல. 'நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்' என்று தலைவர்களுக்குக் கட்சி கட்டியதற்காக. அதாவது, தலைவனோடு ஒட்டிக்கொள்வதைத்தான் பவுல் குழந்தைத்தனம் என்கிறார். தலைவனைக் கேள்வி கேட்கிறவன்மேல் இந்த வசனத்தை எறிவது பிரதியைத் தலைகீழாக வாசிப்பது. அதோடு, அதே நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் குறை சொல்கிறவர் யார்? பவுலேதான். கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியோடு கிடக்க இன்னொருவன் முந்தித் தின்று வெறித்திருக்கிறான், இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்று கடுமையாகச் சாடுகிறார். பந்தியில் சோறு எப்படிப் பங்கிடப்பட்டது என்கிற மிகச் சாதாரணமான, 'உலகப்பிரகாரமான' குறை அது. அதை ஆவிக்குரிய முதிர்ச்சியின் கேள்வியாக அவர் ஆக்கியது உண்மை. ஆனால் சாப்பிட்டவனுடைய முதிர்ச்சியைக் கேட்டார், பசித்தவனுடைய முதிர்ச்சியை அல்ல.

எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் ஜனம் இறைச்சி கேட்டு அழுகிறது. பிரசங்கம் அங்கேயே நின்றுவிடும். அதே அதிகாரத்தில் மோசே கடவுளிடம் புலம்புவது தாழ்ந்த குரலில் அல்ல: இந்த ஜனத்தையெல்லாம் நானா பெற்றேன், இப்படிச் செய்வதைவிட என்னைக் கொன்றுபோடும் என்கிறார். அதற்குக் கிடைத்த பதில் எழுபது மூப்பர்கள். பாரத்தைப் பங்கிட ஓர் ஏற்பாடு. இருபத்தேழாம் அதிகாரத்தில் செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் சபையார் எல்லாருக்கும் முன்பாக வந்து நின்று, ஆண்பிள்ளை இல்லை என்பதால் எங்கள் தகப்பன் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்கும் காணி கொடுங்கள் என்கிறார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கடவுளே சொல்கிறார், சட்டம் மாறுகிறது. கோராகைப் பூமி விழுங்கியதைச் சொல்கிற மேடைகளில் இந்த ஐந்து பெண்களின் பெயர்கள் எத்தனை முறை ஒலித்திருக்கும்?

எல்லாவற்றையும்விட முக்கியமானது அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். ஆதிச் சபையில் அன்றாட உதவி பகிர்வதில் கிரேக்க மொழி பேசும் யூதரின் விதவைகள் ஒதுக்கப்படுகிறார்கள். அவர்களைச் சேர்ந்தவர்கள் எபிரெயருக்கு விரோதமாக முறுமுறுக்கிறார்கள். நம் வேதாகமம் அங்கே போட்டிருப்பதும் இதே சொல்தான். வனாந்தரத்துக்கு ஒரு சொல், விதவைகளுக்கு ஒரு சொல் என்று இல்லை. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? 'முறுமுறுக்காதீர்கள்' என்று பிரசங்கம் வைக்கவில்லை. சபையைக் கூட்டினார்கள். ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது கவனிக்கத்தக்கது. குறை சொன்ன தரப்பின் பக்கமே பொறுப்பு போயிற்று. திருச்சபையில் உதவிக்காரர் என்கிற ஊழியமே ஒரு முறுமுறுப்பிலிருந்து பிறந்தது என்றுதான் பாரம்பரியம் இந்தப் பகுதியை வாசித்து வந்திருக்கிறது.

முதிர்ச்சியை அளக்க வேண்டிய இடம் இது: குறை சொல்கிறவனிடம் அல்ல, குறையைக் கேட்கிறவனிடம்.

3

ஆனால் வரலாறு வேதப்பிரதியைப் போல அவ்வளவு நேராக இல்லை. தமிழ்ச் சபைகளில் சத்தமாக முறுமுறுத்தவர்கள் எப்போதும் ஒடுக்கப்பட்டவர்கள் அல்லர்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) எடுத்துக்கொள்வோம். சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற கவிராயர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். 1829 வாக்கில் புதிதாக வந்த மிஷனரிகளை எதிர்த்து அவர் எழுதியவற்றில் குறைகள் வரிசையாக வருகின்றன. பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்குகிறார்கள். கல்யாணத்துக்குப் பூச்சூடுவதைக் கூட விட மாட்டேன் என்கிறார்கள். சாதி பார்க்காமல் நற்கருணையில் கலக்கச் சொல்கிறார்கள். நாலும் ஒரே மூச்சில். முதல் மூன்றும் அயலார் கையில் தன் மொழியும் பாட்டும் பூவும் பறிபோகிறதே என்கிற ஒரு தமிழனின் நியாயமான வலி. நாலாவது தன் பக்கத்தில் பறையர் மண்டியிடக் கூடாது என்கிற வெள்ளாள அகந்தை. இதைப் பிரித்து, 'இது காலனிய எதிர்ப்பு, இது சாதியம்' என்று தனித்தனிப் பெட்டியில் போட்டுவிட நமக்கு ஆசைதான். அவருக்கு அது ஒரே துயரமாகத்தான் இருந்தது. 1833இல் பிஷப் வில்சன் சபைக்குள் சாதி அனுசரிப்பை விட்டே ஆக வேண்டும் என்று சுற்றுக்கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அதுவும் முறுமுறுப்புதான்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் ஒரே பீடத்தைப் பார்த்தபடி, ஆனால் ஒருவரை ஒருவர் பாராமல், இரு கிளையாகப் பிரிந்து நின்று பூசை காணும்படி ஒரு கத்தோலிக்கக் கோயில் கட்டப்பட்டது. இடையில் சுவர். 1910இல் கௌசானல் சாமியார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. உடனே முறையிட்டவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம் சுகமாக இருந்தவர்கள். எங்கள் உரிமை போயிற்று என்று வழக்குப் போட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

ஆக, முறையிடுகிற குரலின் உருக்கத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சுவரைக் கட்டச் சொல்கிறவனும் அழுகிறான், இடிக்கச் சொல்கிறவனும் அழுகிறான். பிரிவினை கேட்கிறார்களா, ஒற்றுமை கேட்கிறார்களா என்று பார்த்தாலும் போதாது. விழுப்புரம் மாவட்டமாக இருந்த பகுதியில் ஏறையூர் என்ற ஊர். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். தனிப் பங்கு கேட்டது பிரிவினையா? ஏற்கெனவே பிரித்து வெளியே நிறுத்தப்பட்டவர்கள், 'அந்தப் பிரிவையாவது எங்க கையில குடு' என்று கேட்டது அது. கேட்கப்பட்டது என்ன என்பதோடு, கேட்டவர் எந்த இடத்திலிருந்து கேட்டார் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். விலக்கியவனுடைய குறையும் விலக்கப்பட்டவனுடைய குறையும் ஒரே வாக்கியத்தில் எழுதப்பட்டிருந்தாலும் ஒன்றல்ல.

4

இதெல்லாம் எங்கோ, எப்போதோ நடந்தது அல்ல. பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் அடங்குகிற கும்பகோணம் மறைமாவட்டத்திலேயே, துறையூர் வட்டாரத்துக் கோட்டப்பாளையத்தில், மரிய மதலேனாள் பங்கைச் சேர்ந்த தலித் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். திருவிழாவிலும் நிர்வாகத்திலும் அடக்கத்திலும் தங்களுக்குச் சமபங்கு இல்லை என்பது அவர்கள் மனுவின் சாரம். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதில் பதில் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஞானஸ்நானம் கொடுத்த சபையிடம் சொல்லித் தீராத குறை டெல்லிக்குப் போகிறது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையே திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகும் அதைச் சுட்டுகிறவன் 'கசப்பானவன்' என்றால், அறிக்கை எதற்கு?

நம் மண்ணில் முறையீட்டுக்கு இன்னொரு மரபும் இருக்கிறது. சிறுவாச்சூர் மதுரகாளி கோயிலில் திங்களும் வெள்ளியும் நடை திறக்கும்போது மாவிளக்கோடு வந்து நிற்கிற பெண்கள் எல்லாரும் துதி பாடுவதில்லை. 'ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா' என்று காளியைக் கேட்கிறவர்கள் உண்டு. உனக்கு ஆன்மீக முதிர்ச்சி இல்லை என்று அவர்களை யாரும் திருத்துவதில்லை. உரிமை உள்ளவள் திட்டுகிறாள், அவ்வளவுதான். மதுரையை எரித்துவிட்டு வந்து இங்கே கோபம் தணிந்த கண்ணகியே இந்தக் காளி என்றும் ஒரு கதை வழங்குகிறது. அவள் செய்தது முறுமுறுப்பா? அரசன் முன்னால் போய்த் தன் கையிலிருந்த சிலம்பை வைத்து வழக்குரைத்தாள். அந்தக் காதையில் நாம் அதிகம் பேசாதவன் பாண்டியன். தலைவிரி கோலமாக வந்தவளைப் பைத்தியம் என்று வெளியே தள்ளச் சொல்லவில்லை. கேட்டான், சிலம்பை உடைத்துப் பார்க்க விட்டான், தன் தீர்ப்புத் தப்பு என்று தெரிந்ததும் உயிரை வைத்திருக்கவில்லை. கேட்கிறவனுடைய முதிர்ச்சிக்கு அவன் கொடுத்த விலை பெரிது.

இதைச் சொல்லிக் கோயில்களைப் பொன்னுலகமாக்கிவிட முடியாது. சாமியைத் திட்டலாம், தர்மகர்த்தாவைத் திட்ட முடியுமா என்பது வேறு. உள்ளே நுழைவதற்கே 1939இல் மதுரையில் ஆலயப் பிரவேசம் நடத்த வேண்டியிருந்த நாடு இது. சொல்ல வந்தது இவ்வளவுதான்: குறை சொல்வது பக்திக்கு எதிர் என்கிற எண்ணம் தமிழ் மனதுக்கு இயல்பானதும் அல்ல, வேதப்பிரதிக்கு இயல்பானதும் அல்ல. அது நிர்வாகத்துக்கு இயல்பானது.

5

சபைக்குள்ளிருந்து எழுந்த முறையீடு தமிழில் இலக்கியமானதற்குப் பாமாவின் 'கருக்கு' (1992) சாட்சி. கன்னியர் மடத்துக்குள் போய், அங்கே ஏழ்மை என்ற வார்த்தைப்பாட்டுக்கும் வாழ்க்கைக்கும் இருந்த தூரத்தைப் பார்த்து, கீழ்ப்படிதல் என்ற சொல்லுக்குள் சாதி எப்படி ஒளிந்திருக்கிறது என்று பார்த்து வெளியே வந்தவருடைய பிரதி. அது 'முதிர்ந்த' நடையில் எழுதப்படவில்லை. வீட்டில் பேசுகிற மொழியில் புலம்பி, சிரித்து, கோபப்பட்டு எழுதப்பட்டது. புத்தகம் வந்தபின் சில மாதங்கள் சொந்த ஊருக்குள்ளேயே அவரால் போக முடியாமலிருந்தது. தன் துயரத்தைத் தன் பேச்சில் சொல்கிற எழுத்தை 'வெறும் புலம்பல், கலையாக முதிரவில்லை' என்று தள்ளுவது நம் விமர்சன மரபுக்கும் புதிதல்ல. பிரசங்கியும் விமர்சகனும் இங்கே ஒரே சொல்லைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

இயக்கங்களும்தான். 1920இல் லெனின் எழுதிய நூல் தமிழில் 'இளம்பருவக் கோளாறு' என்ற பெயரோடு வந்தது. அவர் ஒரு குறிப்பிட்ட போக்கோடு காரணங்கள் சொல்லி வாதிட்டார். நம் கமிட்டிகளில் காரணங்கள் போய்த் தலைப்பு மட்டும் தங்கிவிட்டது. கிளைக் கூட்டத்தில் ஒரு பெண் தோழர், 'டீ போடுறது ஏன் எப்பவும் நாங்களே?' என்று கேட்டால், ஒரு தலித் தோழர், 'மாவட்டக் குழுவுல நாங்க எத்தனை பேர்?' என்று கேட்டால், வருகிற பதில் என்ன? அரசியல் முதிர்ச்சி போதாது. குட்டி முதலாளித்துவ முணுமுணுப்பு. வனாந்தரமும் சர்ப்பமும் இல்லையே தவிர, பிரசங்கம் அதேதான்.

1784இல் அறிவொளி என்றால் என்ன என்று எழுதிய காண்ட், முதிர்ச்சியின்மையைத் தன் புத்தியைப் பிறர் வழிநடத்தாமல் பயன்படுத்தத் துணியாத நிலை என்று வரையறுத்தார். என் மனசாட்சியைப் பார்த்துக்கொள்ளப் போதகர் இருக்கிறார் என்று சாய்ந்துகொள்வது அவர் காட்டுகிற உதாரணங்களில் ஒன்று. இந்தக் கணக்கில் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுகிறவன்தான் குழந்தை.

கேள்வி கேட்கிறவனுக்கு நாம் எப்போதும் முதிர்ச்சிப் பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறோம். சபையோ கட்சியோ பத்திரிகைக் குழுவோ, பரீட்சையை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ஒரு குறை வந்தால், சொன்னவருடைய தொனியை விட்டுவிட்டு முதலில் விஷயத்தை எழுதிவைக்க முடிகிறதா? அவர் எந்த இடத்திலிருந்து சொல்கிறார் என்று பார்க்க முடிகிறதா? சொன்ன தரப்பிலிருந்தே ஏழு பேரைப் பொறுப்பில் உட்கார வைக்க முடிகிறதா? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலானவர்கள் எழுந்து போய்விடுவார்கள். விதவைகளுக்குப் பால் போதும் என்று யாரும் அன்று சொல்லவில்லை. அவர்கள் கேட்டது சோறு, கிடைத்ததும் சோறுதான்.