மாதுளையைப் பார்த்தல்: பட்டிலும் படத்திலும்

அல்குர்ஆனில் மாதுளை மூன்று இடங்களில் குறிப்பிடப்படுகிறது. அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 68ஆம் வசனம் அதனைச் சுவனச் சோலைகளின் கனியாகக் காட்டுகிறது. அல்அன்ஆம் அத்தியாயத்தின் 99, 141ஆம் வசனங்கள் இவ்வுலகத் தோட்டங்களின் மாதுளையைப் பற்றிப் பேசுகின்றன. இவற்றுள் 99ஆம் வசனம் கலையைப் பற்றிச் சிந்திப்போரின் தனிக் கவனத்துக்குரியது. கனியைப் பார்க்குமாறு அது பணிக்கிறது. அதுவும் காய்க்கும்போதும் கனியும்போதும் என இரு பருவங்களைச் சுட்டிப் பணிக்கிறது. பார்வைக்குக் கால நீட்சி வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக உணர்த்திவிட முடியாது.

இந்த அளவுகோலைக் கொண்டு இரு கலைகளை ஒப்புநோக்க விழைகிறோம். ஒன்று, முஸ்லிம் கைவினைஞர்களின் அலங்காரக் கலை. மற்றது, நம் காலத்தின் ஒளிப்படக் கலை. ஒளிப்படமே உண்மையைக் காட்டுவது, அலங்காரம் வெறும் அழகுபடுத்தல் என்னும் எண்ணம் படித்தவர்களிடையேயும் வேரூன்றியிருக்கிறது. மாதுளையைப் பொறுத்தவரை இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்குரியது.

ஜெருஸலத்தின் குப்பத்துஸ் ஸக்ராவிலிருந்து தொடங்கலாம். உமையா கலீஃபா அப்துல் மலிக் எழுப்பிய இக்கட்டடத்தின் கல்வெட்டு ஹிஜ்ரி 72, அதாவது கி.பி. 691-692 எனக் காலம் குறிக்கிறது. அதன் உட்புற மொசைக் ஓவியங்களில் மனித உருவமோ விலங்குருவமோ இல்லை. பேரீச்சை, திராட்சை, மாதுளை ஆகியன அணிகலன்களோடு இணைந்து காட்சி தருகின்றன. கண்ணாடித் துண்டுகளுக்கிடையே முத்துச்சிப்பித் துண்டுகளும் பதிக்கப்பட்டுள்ளன. மாதுளையின் விதையை 'முத்து' என்றே வழங்கும் தமிழருக்கு, கனியும் மணியும் ஒன்றாகும் இவ்விடம் அந்நியமாகத் தோன்றாது.

அடுத்து, உஸ்மானியரின் பட்டுத் தொழில் மையமாக விளங்கிய புர்ஸா நகரின் நெசவைக் காண்போம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நெய்யப்பட்ட வெல்வெட் துணிகளில் மாதுளை பெருவழக்காக இடம்பெற்றது. இத்தாலிய நெசவாளரும் இவ்வடிவத்தை விரும்பிக் கையாண்டனர். 1545ஆம் ஆண்டளவில் பிரான்ஸீனோ தீட்டிய எலியனோராவின் உருவச் சித்திரத்தில் அவர் அணிந்திருக்கும் ஆடையின் மாதுளை உருவே பார்வையை முதலில் ஈர்க்கிறது. இத்தாலியத் துணி உஸ்மானிய அரண்மனைக்கும் சென்றது. இரு நாட்டுத் தறிகளும் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்றன.

புர்ஸாவின் மாதுளையை உற்றுநோக்கினால் ஒரு விந்தை புலப்படும். கனியின் நடுவே, முத்துக்கள் இருக்க வேண்டிய இடத்தில், பல வேளைகளில் பூக்கள் இருக்கின்றன. இதனைக் கற்பனை என ஒதுக்குதல் தகாது. மாதுளையின் தலையிலுள்ள கிரீடம் உண்மையில் பூவின் புல்லிவட்டமே. பூவிதழ் உதிர்ந்த பின்னும் அது கனியோடு தங்கிவிடுகிறது. தன் மலர்ப் பருவத்தின் அடையாளத்தை முதிர்ந்த பின்னும் சுமந்து நிற்கும் கனி அது. மலரையும் கனியையும் ஒருசேரக் காட்டிய நெசவாளன் எந்தக் கணத்திலும் கண்ணுக்குத் தோன்றாத, ஆயினும் முற்றிலும் உண்மையான ஒன்றையே நெய்தான் எனலாம்.

ஒளிப்படத்துக்கு இவ்வசதி இல்லை. அதற்கு வாய்ப்பது ஒரு கணமே. அக்கணத்தையும் பெரும்பாலோர் கத்திக்குப் பிந்திய கணமாகவே தேர்கின்றனர். கரிய பின்னணி, பிளந்த கனி, வழியும் செஞ்சாறு என்பது சலிப்பூட்டும் வாய்பாடாகிவிட்டது. நிறம் எஞ்சுகிறது, மரமும் பருவமும் மறைந்துவிடுகின்றன.

இவ்வாய்பாட்டைக் கடந்து நிற்பது, டெல் அவீவில் 1967இல் பிறந்து லண்டனில் வாழும் ஓரி கெர்ஷ்ட் 2006இல் உருவாக்கிய 'மாதுளை' என்னும் அசையும் படம். ஸ்பானிய ஓவியர் சான்செஸ் கோட்டான் 1602ஆம் ஆண்டளவில் நூலில் தொங்கவிட்டுத் தீட்டிய சீமைமாதுளம்பழத்தின் இடத்தில் இவர் மாதுளையைத் தொங்கவிட்டார். துப்பாக்கிக் குண்டு அதனைத் துளைத்துச் செல்கிறது. கனி மெல்ல மெல்லச் சிதறுகிறது. 1964இல் ஹரால்ட் எட்ஜர்டன் எடுத்த, ஆப்பிளைத் துளைக்கும் குண்டின் படம் இதற்கு முன்னோடி. ஹீப்ருவில் 'ரிமோன்' என்னும் ஒரே சொல் மாதுளையையும் கையெறிகுண்டையும் குறிக்கும். பிரெஞ்சு மொழியின் 'கிரனேட்' என்னும் சொல்லும் அத்தகையதே.

இப்படைப்பின் வலிமையை நாம் மறுக்கவில்லை. குப்பத்துஸ் ஸக்ரா நிற்கும் மண்ணில் சிந்திய குருதியைப் பற்றி அலங்காரக் கலையால் எதுவும் சொல்ல இயலாது, இப்படத்தால் இயலும். எனினும், இங்கு கனிக்கு அளிக்கப்படும் காலம் அதன் அழிவின் காலம் மட்டுமே. அது எவ்வாறு பூத்தது, எவர் நீர் பாய்ச்சினார் என்பன பார்வைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. முதன்மை பெறுவது குண்டேயன்றிக் கனியன்று.

அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் கனியை உண்ணவும், அறுவடை நாளில் அதற்குரிய கடமையைச் செலுத்தவும், விரயம் செய்யாதிருக்கவும் பணிக்கிறது. பார்வை இவ்வாறு உழைப்போடும் உரிமையோடும் பிணைக்கப்படுகிறது. ஒரு மரத்தைப் பூக்கும் நாள் முதல் ஏழையின் பங்கு அளிக்கப்படும் நாள் வரை தொடர்ந்து படமெடுக்கும் பொறுமை ஒளிப்படக் கலைக்கு எட்டாததன்று. தொடர்படங்கள் என்னும் வடிவம் அதன் கைவசமே உள்ளது. முஸ்லிம் இளைஞர் பலர் இன்று கேமராவைக் கையில் எடுத்துள்ளனர். அவர்கள் கத்தியைத் தேடுமுன் புர்ஸாவின் பட்டை ஒருமுறை கூர்ந்து நோக்குவது நலம் பயக்கும்.