இண்டி கேம்களுக்குப் பூட்டு எவ்வளவு உதவுகிறது?

2008-இல் வெளிவந்த ‘வேர்ல்டு ஆஃப் கூ’ கேமின் பின்னால் இருந்த ‘2டி பாய்’ நிறுவனம் இரண்டே பேர் தொடங்கியது. நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு எதையும் அவர்கள் போடவில்லை. மதிப்பெண் பட்டியலுக்கு வந்த ஐபி முகவரிகளை எண்ணி விற்பனையோடு ஒப்பிட்டபோது, சுமார் 82 சதவீதம் திருட்டுப் பிரதிகள் என்று தெரிந்தது. பூட்டாமல் விட்டதால் வந்த வினை என்றுதான் தோன்றும். ஆனால் பூட்டோடு விற்கப்பட்ட ‘ரிக்கோஷே இன்ஃபினிட்டி’க்குக் கிடைத்த கணக்கு 92 சதவீதம்.

அதை வெளியிட்ட ரிஃப்ளெக்ஸிவ் நிறுவனம் பூட்டைத் திரும்பத் திரும்ப இறுக்கிப் பார்த்தது. ஏறத்தாழ ஆயிரம் திருட்டுப் பிரதிகளைத் தடுத்தால் ஒரு விற்பனை கூடியது. சும்மா கிடைத்தால் விளையாடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர், கிடைக்காவிட்டால் காசு கொடுத்து வாங்குவதில்லை. திருட்டுப் பிரதிகளின் எண்ணிக்கையை அப்படியே நஷ்டமாகக் கணக்கிடுவது தவறு.

அதற்காகப் பூட்டே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. டெனுவோ பூட்டைப் பற்றி 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் வாரத்திலேயே உடைபடும் கேம் தன் வருவாயில் சுமார் 20 சதவீதத்தை இழக்கிறது என்கிறது. பன்னிரண்டு வாரம் கழித்து உடைபட்டால் இழப்பு அநேகமாக இல்லை. ஆக, பூட்டுக்கு உண்மையான பலன் உண்டு. அந்தப் பலன் தொடக்க வாரங்களோடு தீர்ந்துவிடுகிறது.

அந்த வாரங்கள்கூட உறுதியில்லை. ஸ்பெயினின் டெக்கீலா வொர்க்ஸ் 2017-இல் ‘ரைம்’ கேமை டெனுவோவுடன் வெளியிட்டது. ஒரு வாரத்துக்குள் பூட்டு உடைந்தது. முன்பே வாக்களித்திருந்தபடி நிறுவனம் அதை நீக்கியது. பூட்டால் வரும் தொல்லையோ காசு கொடுத்தவருக்குத்தான். இணையம் இல்லாத நேரத்தில் கேம் திறக்க மறுத்தால் புகார் எழுதுகிறவர் அவர். பதில் எழுதியே களைப்பது அந்தச் சிறு குழு.

இதைவிட ஆழமாகக் காயப்படுத்துவது, கேமைத் திறக்கும் குறியீடான ‘கீ’யில் நடக்கும் மோசடி. திருட்டு கிரெடிட் கார்டில் கீ வாங்கி, இணையச் சந்தையில் மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். கார்டுக்காரர் புகார் செய்ததும் வங்கி பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டு, கட்டணத்தையும் கேம் செய்தவர் தலையில் கட்டுகிறது. செக் குடியரசின் ‘ஃபேக்டோரியோ’ கேமின் 198 கீகள் இப்படி ஜி2ஏ சந்தையில் விற்கப்பட்டது தணிக்கையில் உறுதியானது. 2020-இல் ஜி2ஏ 39,600 டாலர் இழப்பீடு தந்தது. எந்த டிஆர்எம்மும் இதைத் தடுத்திருக்காது.

‘ஃபேக்டோரியோ’ நம்பியது வேறு வழியை. காசு கொடுத்தவரின் கணக்குக்கே அதன் தளத்தில் மாட்களும் (விளையாடுகிறவர்களே உருவாக்கும் கூடுதல் அம்சங்கள்) புதுப்பிப்புகளும் எளிதாகக் கிடைக்கும். திருட்டுப் பிரதி பின்தங்கிவிடும். வருடக்கணக்கில் வளரும் கேமுக்கு இது சிறந்த காவல். ஒரே மூச்சில் முடியும் கதை கேமுக்கு இது பொருந்தாது. அதற்கு விலை குறைந்த, எளிய பூட்டு ஒன்றைச் சில வாரங்களுக்கு மட்டும் போடலாம். நீக்கும் தேதியையும் விற்பனைப் பக்கத்திலேயே அறிவித்துவிட்டால், வாங்குகிறவர் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்தே வாங்குவார்.